பிள்ளைகள் வளர்ந்த பிறகு மிஞ்சும் கட்டில் பாகங்கள்: செந்தூல் வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூர் செந்தூலில் மூன்று அறை அடுக்குமாடி வீடு. மூத்தவளுக்கு 9 வயது, இளையவனுக்கு 6. தீபாவளிக்கு முன் ஸ்டோர் ரூமை ஒழித்தபோது வெளியே வந்தவை இவை: ரப்பர் மரத்தில் செய்த பேபி காட் ஒன்று (முதலில் கூண்டுக் கட்டில், பிறகு ஒரு பக்கத்தைக் கழற்றினால் சிறுவர் கட்டில் ஆகும் வகை), ஸ்பிரிங் தொட்டிலின் இரும்பு ஸ்டாண்ட், மூன்று இழுப்பறை வைத்த சிப்போர்டு அலமாரி, பிளாஸ்டிக் ஹை சேர், ஸ்பாஞ்சு மெத்தை, ஒரு பிஸ்கட் டின் நிறையப் போல்ட்டும் திருகாணியும். எதற்கு எது என்று டின்னில் எழுதி வைக்கவில்லை.

இப்படிப்பட்ட ஸ்டோர் ரூம் நம் வீடுகளில் அபூர்வமே இல்லை. "யாராவது கேட்பாங்க" என்பது ஒரு காரணம். பிள்ளை படுத்த கட்டிலை உடைக்கக் கூடாது, வெளியே போடக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து கட்டிலை அரைகுறையாக வைத்துவிடுகின்றன. ஒரு பக்கம் அலமாரிக்குப் பின்னால் கிடக்கும், மெத்தைத் தட்டு கட்டிலடியில் கிடக்கும், போல்ட்டு எங்கோ போயிருக்கும். எங்கள் கணக்கில் இந்த நடுநிலைதான் தொல்லை. எல்லாப் பாகமும் நல்ல நிலையில் இருந்தால் அது கட்டில். கட்டிலாகவே இன்னொரு பிள்ளைக்குப் போகட்டும். சுமை தாங்கும் ஓர் இணைப்பு கெட்டுவிட்டாலும் அது வெறும் மரம். மரமாகவே பார்த்து முழுதாகப் பிரித்துவிட வேண்டும்.

கொடுப்பதா, பிரிப்பதா

ரவாங்கில் இருக்கும் சின்னம்மா மகளுக்கு நான்காம் மாதம். கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்பதுதான் வீட்டில் முதல் யோசனை. அதனால் முதலில் கூடத்தில் வைத்து முழுக்கட்டிலாகப் பூட்டிப் பார்த்தார்கள். பாகங்களைத் தரையில் பரப்பி எண்ணிப் பார்ப்பது போதாது. பூட்டினால்தான் ஆட்டம் தெரியும்.

பார்த்த வரிசை இது. பக்கத்தில் நிற்கும் பட்டைகளுக்கு இடையில் உள்ள இடைவெளி: அமெரிக்க விதி சுமார் 6 செ.மீ.க்கு மேல் விடுவதில்லை, ஐரோப்பியத் தரம் 4.5 முதல் 6.5 செ.மீ. வரை. இந்தக் கட்டிலில் 5.5 செ.மீ., சரி. குளிர்பான டின் நுழைகிறதா என்று பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. இப்போது மெலிந்த டின்களும் கடையில் இருப்பதால் அதை நம்ப முடியாது, ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். மெத்தைக்கும் பக்கத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. மெத்தை மாறியிருந்தால் இதில்தான் பெரும்பாலும் தவறும். இந்த வீட்டில் அதுவும் சரி.

பக்கம் மேலும் கீழும் இறங்கும் வகைக் கட்டிலாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அவற்றின் பிளாஸ்டிக் பிடிகள் தேய்ந்து பக்கம் ஒரு மூலையில் கழன்று, குழந்தை அந்தச் சந்தில் சிக்கிய விபத்துகளால்தான் அமெரிக்கா 2011 ஜூன் 28 முதல் அவற்றின் விற்பனையையே தடை செய்தது. நம் ஊரில் அந்த வகை நிறைய விற்றிருக்கிறது. இன்னும் பல வீடுகளில் கைமாறிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டில் அந்த வகை இல்லை.

விழுந்தது இணைப்பில். மொத்தம் எட்டுப் போல்ட்டு வேண்டும், டின்னில் ஐந்துதான் கிடைத்தன. அதற்காக மட்டும் கட்டிலைக் கைவிடத் தேவையில்லை. அது எம்6 போல்ட்டு, நீளம் 80 மி.மீ.; நல்ல ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். ஆனால் ஒரு மூலையில் உருளை நட்டும் (சட்டத்தின் பக்கத் துளைக்குள் உட்கார்ந்து போல்ட்டைப் பிடிக்கும் சிறு உருளை) தொலைந்திருந்தது. சில வருடங்களுக்கு முன் யாரோ அந்த இடத்தில் நீளமான சிப்போர்டு திருகாணியைச் சட்டத்தின் நுனிக்குள் நேராக ஏற்றியிருக்கிறார்கள். நுனிப்பக்கம் நார் நெடுக்காக ஓடுவதால் திருகாணிக்குப் பிடி இல்லை. வழித்துளை (திருகாணிக்கு முன் போடும் மெல்லிய துளை) போடாமல் ஏற்றியதில் சட்டம் 7 செ.மீ. நீளத்துக்குப் பிளந்திருந்தது. பசை ஊற்றிக் கிளாம்ப் போட்டால் பிளவு மூடும். ஆனால் எழுந்து நின்று குதிக்கும் பிள்ளையின் ஆட்டத்தை அந்த மூலை எத்தனை மாதம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முடிவு அங்கேயே ஆகிவிட்டது: ரவாங்குக்குக் கட்டில் போகாது.

பெரியவர்களிடம் சொல்ல இது நல்ல காரணமும்கூட. உடைக்கக் கூடாது என்பவர்கள்கூட, பிளந்த மூலையைக் கையில் காட்டினால் மறுத்துப் பேசுவதில்லை.

டின்னில் கிடந்தவை

பிரிக்கும் வேலையில் பலர் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் இது. மரத்தை எங்கும் வாங்கலாம். சரியான நீளத்தில் ஒரு போல்ட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் தேவைப்படும்போதுதான் அதன் அருமை தெரியும்.

எம்6 என்றால் தண்டு 6 மி.மீ., புரிக்குப் புரி 1 மி.மீ. அமெரிக்க அளவில் செய்த கட்டில்களில் கால் அங்குலப் போல்ட்டு வரும். தண்டு 6.35 மி.மீ., அங்குலத்துக்கு 20 புரி. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எம்6 போல்ட்டைக் கால் அங்குல நட்டில் விட்டால் இரண்டு மூன்று சுற்று தாராளமாகப் போகும், பிறகு இறுகும். இறுகியது பூட்டியதால் அல்ல, புரி ஒன்றையொன்று கடித்ததால். அங்கே பலம் கொடுத்துத் திருகினால் இரண்டும் வீண். ஆகவே பிரித்தவுடன் ஒவ்வொரு போல்ட்டிலும் அதன் நட்டை விரலாலேயே கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். ஓடாதது வேறு குடும்பம்.

அறுகோணக் குழி வைத்த தலை என்றால் எல் கீ அளவும் மாறும். எம்6 உருளைத் தலைக்கு 5 மி.மீ. கீ, குமிழ்த் தலைக்கும் தட்டைத் தலைக்கும் பெரும்பாலும் 4 மி.மீ. குழி கொஞ்சம் தேய்ந்திருந்தாலே 4 மி.மீ. கீ வழுக்கும், அத்தகையதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

உருளை நட்டின் ஒரு முனையில் கீறல் ஒன்று இருக்கும். அது அலங்காரமல்ல, உள்ளே புரித்துளை எந்தத் திசையில் ஓடுகிறது என்று காட்டும் கோடு. தட்டை ஸ்க்ரூடிரைவரால் அந்தக் கீறலைப் போல்ட்டு வரும் திசைக்குத் திருப்பி வைத்தால்தான் போல்ட்டு உள்ளே பிடிக்கும். இது தெரியாமல் "போல்ட்டு ஏறல" என்று சொல்லி நீளத் திருகாணியை ஏற்றிவிடுகிறார்கள். இந்தக் கட்டிலின் மூலை பிளந்ததும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கொடுப்பதற்காகக் கட்டிலைக் கழற்றி வைப்பவர்களுக்கு ஒன்று. போல்ட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, டேப் போட்டுப் பலகையில் ஒட்டுவது எல்லோரும் செய்வது. நம் ஊர்ச் சூட்டில் ஓரிரு வருடத்தில் டேப்பின் பசை இளகிப் பிசினாகிவிடும். பை விழும், பலகையில் கறை மட்டும் மிஞ்சும். அதைவிட, போல்ட்டையும் நட்டையும் அதனதன் துளையிலேயே பூட்டி வைத்துவிடுங்கள். மிச்சமுள்ள சில்லறையையும் எல் கீயையும் பையிலிட்டு, கேபிள் டை ஒன்றை ஒரு போல்ட்டுத் துளை வழியாக விட்டுக் கட்டுங்கள்.

ரப்பர் மரத்தை வெளியே வைக்காதீர்கள்

கட்டிலின் பக்கத்தை எடுத்துச் செடிக்குப் பந்தலாக நிறுத்துவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. படத்தில் அழகாக இருக்கும். குளிர்நாட்டில் அதே கட்டில் வேறு மரத்தில் வருகிறது, வேறு மழையில் நனைகிறது. இங்கே அது சரிப்படாது, அதற்குக் காரணம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது.

நம் சந்தையில் வரும் மரக் கட்டில்களில் பெரும்பகுதி ரப்பர் மரம். நம் பாட்டன் பாட்டிகள் தோட்டத்தில் பால் வெட்டிய அதே மரம். 25, 30 வருடம் பால் கொடுத்தபின் மறுநடவுக்காக வெட்டப்படுவது. ஒரு காலத்தில் விறகாகப் போனதை இப்போது மூவார் பக்கத்துத் தொழிற்சாலைகள் தளவாடமாக்கி உலகமெங்கும் அனுப்புகின்றன. நல்ல மரம்தான், நெருக்கமான நார், திருகாணி பிடிக்கும். ஆனால் உள்ளே மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாளிலேயே நீலப்பூஞ்சையும் துளைவண்டும் தேடி வரும். அதனால் அறுத்த கையோடு போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்தி, சூளையில் உலர்த்துகிறார்கள். போரான் தண்ணீரில் கரையும் பொருள். வீட்டுக்குள் இருக்கும்வரை அது காவல். ஆண்டுக்கு 2,000 மி.மீ.ஐத் தாண்டும் கோலாலம்பூர் மழையில் நனைய விட்டால் காவல் கரைந்து வடிகாலில் போய்விடும், பிறகு பூஞ்சையும் கரையானும் வர எந்தத் தடையும் இல்லை. மேலே பூசிய லேக்கரும் வெயிலுக்கு வெடித்து உரியும்.

எனவே விதி ஒன்று: ரப்பர் மரப் பாகம் எதுவானாலும் கூரைக்குக் கீழே. விதி இரண்டு: புதிதாக அறுத்த நுனி ஒவ்வொன்றுக்கும் வார்னிஷ் இரண்டு பூச்சு, ஏனென்றால் ஈரம் நுனி வழியாகத்தான் வேகமாக ஏறும்.

அறுக்குமுன் ஒரு சோதனையும் உண்டு. பாகங்களைக் கறுப்புத் தாளின் மேல் நிமிர்த்தி வைத்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். பவுடர்போல் மெல்லிய தூள் விழுந்து, மரத்தில் குண்டூசித் தலையளவு வட்டத் துளைகள் தெரிந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. அந்தத் துண்டை யாருக்கும் கொடுக்காமல் பையில் கட்டி அகற்ற வேண்டும். இந்த வீட்டில் தூள் இல்லை.

செருப்பு ரேக்

மெத்தைத் தட்டு 60 × 120 செ.மீ. இரண்டு நீளச் சட்டம், அவற்றின் மேல் குறுக்காக 12 பட்டை. நீளவாக்கில் நடுவே பிளந்தால் 30 செ.மீ. அகலத்தில் இரண்டு தட்டு. பெரியவர்கள் செருப்புக்கும் பள்ளி ஷூவுக்கும் அந்த அகலம் போதும். இடையில் காற்று போவதால் மழைநாளில் ஷூ நாற்றமும் குறையும்.

இங்கே பலர் செய்யும் பிழை, எடுத்தவுடன் நடுவே அறுத்துவிடுவது. அறுத்த நொடியில் ஒவ்வொரு பட்டையும் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். கை பட்டால் ஆணி கழன்றுவிடும். முதலில் புதிய சட்டம், பிறகுதான் ரம்பம்.

புதிய சட்டம் கட்டிலின் பிளக்காத பக்கத்திலிருந்து வந்தது. அதன் மேல்சட்டமும் கீழ்ச்சட்டமும் 2 × 4.5 செ.மீ. கனம். பட்டைகளைச் சட்டத்திலிருந்து சுத்தியலால் தட்டிக் கழற்ற முயலாதீர்கள். பசையும் உள்ளே சிறு ஆணியும் இருக்கும், சட்டம்தான் உடையும். சட்டத்தை ஒட்டி ரம்பத்தால் அறுத்து, உள்ளே மாட்டிய துண்டு அப்படியே இருக்கட்டும். குழிகள் நிரம்பியிருப்பதால் சட்டத்தின் பலம் அவ்வளவாகக் குறையாது. இப்படிக் கிடைத்த இரு சட்டங்களையும் தட்டின் நீளத்துக்குச் சரிசெய்து, தட்டைக் கவிழ்த்து, நடுக்கோட்டின் இருபுறமும் ஒவ்வொன்றாக, இரண்டுக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளி விட்டு வைக்க வேண்டும். சட்டத்தைப் படுக்கவைக்காமல் 4.5 செ.மீ. பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி வைப்பது முக்கியம். அதே சட்டம் நிமிர்ந்தால் படுத்திருப்பதைவிட ஐந்து மடங்கு வளையாமல் நிற்கும். குழியில்லாத விளிம்பு பட்டையைத் தொட வேண்டும்.

பிறகு நிமிர்த்தி, ஒவ்வொரு பட்டைக்கும் சட்டத்துக்கு ஒன்றாக மேலிருந்து 4 × 30 மி.மீ. திருகாணி: மொத்தம் 24. ஒவ்வொன்றுக்கும் 2.5 அல்லது 3 மி.மீ. வழித்துளை கட்டாயம். 2 செ.மீ. அகல விளிம்பில் வழித்துளை இல்லாமல் ஏற்றினால் ரப்பர் மரம் பிளக்கும், அதுவும் கடைசித் திருகாணியில்தான் பிளக்கும் என்பது இந்த வேலை செய்த எல்லோரும் அறிந்தது. இப்போது ரம்பம். இரண்டு சட்டத்துக்கு நடுவில் உள்ள 6 மி.மீ. சந்துக்கு மேலாகப் பட்டைகளை ஒவ்வொன்றாக அறுத்தால் கோடு வளையாது.

கால்கள் தலைமாடு, கால்மாடு பலகைகளின் நான்கு கம்பங்களிலிருந்து. 4.5 × 4.5 செ.மீ. கம்பம், 60 செ.மீ. நீளத்துக்கு வெட்டியது. தட்டுகள் தரையிலிருந்து 15 செ.மீ., 45 செ.மீ. உயரத்தில். கம்பத்தின் பழைய துளைகள் புதிய துளைக்கு 2 செ.மீ.க்குள் வந்தால் 8 மி.மீ. மரக்குச்சி பசையோடு ஏற்றி அடைத்துவிட வேண்டும். குச்சி இல்லையென்றால் கோப்பிக்கடை மரச் சாப்ஸ்டிக் போதும்.

உருளை நட்டையே இங்கும் பயன்படுத்த ஆசை வரும். வேண்டாம். பக்கத் துளையும் நுனித் துளையும் உள்ளே சரியாகச் சந்திக்க வேண்டும், கை டிரில்லில் அது தப்பும். கம்பம் 45, சட்டம் 20, ஆக 65 மி.மீ.; கட்டிலின் 80 மி.மீ. போல்ட்டு ஊடுருவி வர, பெரிய வாஷரும் சாதாரண நட்டும் போட இடம் இருக்கிறது. துளை 6.5 மி.மீ. இரண்டு தட்டு, தட்டுக்கு நான்கு மூலை: எட்டுப் போல்ட்டு. டின்னில் கிடைத்த ஐந்து, வாங்கியது மூன்று.

ஒரு மூலைக்கு ஒரு போல்ட்டு என்பதால் ரேக் பக்கவாட்டில் சாயும். பின்புறம் இரண்டு பட்டைகளைக் குறுக்கே சாய்வாகத் திருகிய பிறகுதான் ஆட்டம் நின்றது. இந்த இடத்தில் பசை மட்டும் பூசினால் நிற்காது. வெள்ளைப் பசை மரத்தைப் பிடிக்கும், லேக்கரைப் பிடிக்காது. பசை வேண்டும் என்றால் பூச்சைச் சுரண்டி வெறும் மரத்தைக் காட்ட வேண்டும். பூச்சு வெள்ளைப் பெயிண்ட்டாக, அதுவும் பழையதாக இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். ஈயம் இருக்கக்கூடும், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தூள் பறக்கக் கூடாது.

ரேக்கின் மொத்த ஆழம் 39 செ.மீ. ஆனது. வாசலுக்கு வெளியே நடைபாதையில் வைக்க வீட்டுக்காரர் நினைத்தார். தீ விபத்தில் எல்லோரும் ஓடும் வழி அது, அடைக்கக் கூடாது. கதவுக்கு உட்புறம் வைத்தார்கள்.

சமையலறைச் சுவரில்

பிளந்த மூலை இருந்த மற்ற பக்கத்தின் நல்ல பாதி, சுமார் 60 செ.மீ., அறுத்து எடுக்கப்பட்டது. அதைத் திருப்பி வைத்தால் சட்டங்கள் செங்குத்தாகவும் பட்டைகள் ஏணிப் படிபோல் கிடையாகவும் வரும். கரண்டி, சல்லடை, வடிதட்டு எல்லாம் எஸ் கொக்கியில் தொங்கும். இரண்டு விஷயத்தில் கவனம். பட்டை சட்டத்துக்குள் பதிந்திருப்பதால் சுவருக்கும் பட்டைக்கும் நடுவே சில மி.மீ.தான் இருக்கும், கொக்கி நுழையாது. சட்டத்துக்குப் பின்னால் 2 செ.மீ. கனத் துண்டுகளை வைத்துத் தள்ளி மாட்ட வேண்டும். கொக்கியின் வாயும் 12 மி.மீ. பட்டைக்கு மேல் அகலமாக இருக்க வேண்டும், கடையில் கிடைக்கும் மெல்லிய கொக்கிகள் ஏறா.

திருகாணி நீளம் அப்போதே கணக்காகிவிடும்: துண்டு 20, சட்டம் 20, சுவருக்குள் 40, ஆக 80 மி.மீ. 8 மி.மீ. வால் பிளக். டைல் ஒட்டிய சுவரென்றால் டைல் தாண்டும்வரை டிரில்லின் சுத்தியல் விசையை நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் டைல் கீறிவிடும். அடுப்புக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். எண்ணெய்ப் புகையும் சூடும் சேர்ந்து லேக்கரைப் பிசுபிசுப்பாக்கும், பிறகு எவ்வளவு துடைத்தாலும் அழுக்குப் போகாது.

ஸ்பிரிங் தொட்டில்

"வெறும் தொட்டிலை ஆட்டாதீங்க" என்று சொல்லாத பாட்டி நம்மிடையே இல்லை. இந்த வீட்டிலும் ஸ்டாண்டை வேறு எதற்கும் எடுக்க முதலில் சம்மதம் கிடைக்கவில்லை. ஸ்பிரிங்கையும் வலையையும் கழற்றிய பிறகு அது தொட்டில் இல்லை, இரும்புக் குழாய் என்று ஒப்புக்கொண்டார்கள்.

ஸ்பிரிங்கைக் கையோடு இரும்புக் கடைக்கு அனுப்பிவிட வேண்டும், யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஆயிரக்கணக்கான முறை நீண்டு சுருங்கிய கம்பியில் களைப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, பெரும்பாலும் கொக்கி வளையும் இடத்தில்தான் முறியும். உள்ளே பாதுகாப்புக்கு ஓடும் கயிறும் வியர்வையிலும் பாலிலும் நனைந்து பழையதாகியிருக்கும். தொட்டிலாகவே கொடுப்பதென்றால் ஸ்டாண்டை மட்டும் கொடுத்து, ஸ்பிரிங், கயிறு, வலை மூன்றையும் புதிதாக வாங்கச் சொல்லுங்கள்.

ஸ்டாண்ட் துண்டு காயவைக்கும் கம்பியாயிற்று. சுமை நேர் கீழே இறங்கும்படி வடிவமைத்தது என்பதால் நடுவில் தொங்கவிட்டால் நன்றாகத் தாங்கும், ஓரத்தில் இழுத்தால் கவிழும். குழாயில் புதிதாகத் துளை போட வேண்டாம். பவுடர் பூச்சு உடைந்த இடத்தில்தான் துரு தொடங்கும், குழாயின் பலமும் அங்கேதான் போகும். காலடியில் ரப்பர் மூடி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், அதில்லாத இரும்புக் குழாய் டைலைக் கீறும்.

சிப்போர்டும் மற்றவையும்

அலமாரியின் அடிப்பலகை ரொட்டிபோல் ஊதியிருந்தது. தரை துடைக்கும் தண்ணீர் விளிம்பு வழியாக ஏறினால் சிப்போர்டுக்கு மருந்தில்லை. காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது, திருகாணியும் பிடிக்காது. பலகைகளைக் காப்பாற்ற நேரம் செலவிடாதீர்கள் என்பதே எங்கள் கருத்து. 15 மி.மீ. கேம் பூட்டு (ஸ்க்ரூடிரைவரால் திருப்பினால் இறுகும் வட்டப் பூட்டு) வைத்து இணைத்த சிப்போர்டை ஒவ்வொரு முறை கழற்றிப் பூட்டும்போதும் துளையின் பிடிப்பு குறைகிறது, மூன்றாம் வீட்டில் அது நிற்காது. நல்ல பக்கப்பலகை ஒன்றை மட்டும் ஸ்டோர் ரூமில் தட்டாக வைக்கலாம், 16 மி.மீ. பலகை என்றால் தாங்கிக்குத் தாங்கி 60 செ.மீ.க்கு மேல் வேண்டாம். அறுத்த விளிம்புக்குப் பெயிண்ட். அறுக்கும்போது மாஸ்க், சன்னல் திறந்து. அந்தப் பலகையின் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கும்.

எடுத்து வைக்க வேண்டியது உலோகம். இழுப்பறைச் சறுக்கிகளில் சிறு எழுத்துப் பொறித்திருக்கும்: சி.எல்., சி.ஆர்., டி.எல்., டி.ஆர். முதலெழுத்து சி என்றால் அலமாரிப் பக்கம், டி என்றால் இழுப்பறைப் பக்கம். இரண்டாம் எழுத்து எல் என்றால் இடப்பக்கம், ஆர் என்றால் வலப்பக்கம். நான்கும் சேர்ந்தால்தான் ஒரு செட், சேர்த்துக் கட்டி வையுங்கள். வேறு பெட்டிக்கு மாட்டும்போது பக்கத்துக்கு 12.5 முதல் 13 மி.மீ. இடம் வேண்டும், குறைந்தால் இறுகும், கூடினால் கழன்று விழும். 5 மி.மீ. தட்டுத் தாங்கிகள் பெரும்பாலான அலமாரிகளுக்குப் பொருந்தும். கேம் பூட்டுகளில் விரிசல் விட்டதைத் தூக்கிப் போடுங்கள்.

ஹை சேரின் பெல்ட் 25 மி.மீ. நாடா, கிளிப்போடு அறுத்து வைத்தால் பாய் கட்ட உதவும். பிளாஸ்டிக் உடம்பின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிபுரோப்பிலின், மறுசுழற்சிக்குப் போகும். கட்டிலின் சக்கரங்கள் அரிசி வாளியின் பலகைக்கு. மெத்தையில் கறுப்புப் புள்ளிகள் இருந்தன, அது பூஞ்சை. யாருக்கும் தராமல் குப்பைக்கு.

எதையும் எரிக்காதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம், சிப்போர்டு புகையோ அதைவிட மோசம். கோலாலம்பூரில் குப்பை அள்ளும் அலாம் ஃபுளோரா தரைவீடுகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பையும், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் பெரிய சாமானும் எடுக்கிறது. அடுக்குமாடியில் அப்படி வாசலில் வைக்க முடியாது. பெரிய சாமான் எங்கே, என்றைக்கு வைக்கலாம் என்று மேனேஜ்மெண்ட்டிடம் கேட்டுவிட்டு இறக்குங்கள். இரும்பை மட்டும் தனியே வையுங்கள், பழைய பேப்பர் லோரிக்காரர் வாங்கிக்கொள்வார். போடும் பலகையில் நீண்டு நிற்கும் ஆணிகளை மடக்கிவிடுங்கள், அதைத் தூக்குவது ஒரு மனிதர்.

ஆறு மாதம் கழித்து

சுவர் ரேக்கில் குறை இல்லை. செருப்பு ரேக்கில் இரண்டு. எட்டில் மூன்று போல்ட்டு தளர்ந்திருந்தன. மழைக்காலமும் வெயில்காலமும் மாறி மாறி வர மரம் ஊதிச் சுருங்குவதால் இது நடக்கும். சாதாரண நட்டுக்குப் பதில் உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு போட்டால் நட்டு தானாகக் கழன்று வராது.

இரண்டாவது, கம்பத்தின் அடிநுனி நான்கும் 2 செ.மீ. உயரத்துக்குக் கறுத்திருந்தது. மேல் நுனிக்கு வார்னிஷ் பூசியவர்கள் அடிநுனியைக் கண்ணில் படாது என்று விட்டிருக்கிறார்கள். தினமும் மாப் தண்ணீர் அங்கேதான் ஏறியது. ரேக்கைக் கவிழ்த்து ஒரு வாரம் காயவிட்டு, கறுத்த இடத்தைத் தேய்த்து, மைலோ டின் மூடியில் கொஞ்சம் தின்னர் கலந்த வார்னிஷை ஊற்றி ஒவ்வொரு காலையும் பத்து நிமிடம் அதில் நிறுத்தினார்கள். காய்ந்த பிறகு காலுக்கு ஒரு பிளாஸ்டிக் குமிழ் அடித்து, மரத்தைத் தரையிலிருந்து அரை செ.மீ. உயர்த்தினார்கள்.